பண்டைய கிரேக்கத்தில் விளையாட்டும் வழிபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் ஒலிம்பிக்ஸ் பற்றி இரண்டு வரி வரும். கி.மு. 776இல் கிரேக்கத்தில் தொடங்கியது, ஜெயித்தவருக்கு ஆலிவ் இலைக் கிரீடம் சூட்டினார்கள், அவ்வளவுதான். அது ஒரு கோயில் திருவிழாவின் நடுவே நடந்தது என்ற செய்தி அதில் விட்டுப்போகும். இங்கே உள்ள கேள்விகளில் பலவும் அந்த விட்டுப்போன பாதியைப் பற்றியவை.

ஒலிம்பிக்ஸ் விளையாட்டுப் போட்டியா, மத விழாவா?

இந்தக் கேள்வியை அந்தக் காலத்துக் கிரேக்கர் ஒருவரிடம் கேட்டிருந்தால் நம்மை விநோதமாகப் பார்த்திருப்பார். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம்முடைய பழக்கம்.

ஒலிம்பியா ஒரு நகரமே கிடையாது. தெற்கு கிரேக்கத்தில் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம், அல்ஃபியோஸ், கிளாடியோஸ் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருந்த கோயில் வளாகம் அது. நடுவில் கடவுள்களின் அரசனான ஜீயஸுக்கு உரிய புனிதத் தோப்பு. அதற்கு ஆல்டிஸ் என்று பெயர். நிர்வாகம் பக்கத்து நகரமான எலிஸின் கையில் இருந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கோடை வெயிலில் கிரேக்க உலகமே அங்கே திரண்டது. வந்தவர்கள் ஜீயஸின் விழாவுக்கு வந்தார்கள். அந்த விழாவில் ஓட்டமும் மல்யுத்தமும் தேர்ப்பந்தயமும் இருந்தன. பலியிட்ட மாடு எப்படிக் காணிக்கையோ, அப்படியே ஓடியவரின் ஓட்டமும் காணிக்கை.

கடவுளுக்கு எதற்கு ஓட்டப்பந்தயம்?

அவர்களுடைய கடவுள்களின் குணத்தில் இதற்கு விடை இருக்கிறது. கிரேக்கத் தெய்வங்கள் அழகையும் வலிமையையும் திறமையையும் ரசிப்பவர்கள், பொறாமைப்படுபவர்கள், தங்களுக்குள்ளேயே போட்டி போடுபவர்கள். மனிதன் தன் உடம்பால் எட்டக்கூடிய உச்சத்தை அவர்கள் முன்னால் காட்டுவது அவர்களை மகிழ்விக்கும் என்று நம்பினார்கள்.

இன்னொரு வேர் சாவுச் சடங்கில் இருக்கிறது. ஹோமரின் இலியட் காவியத்தில் 23ஆம் பகுதியின் பெரும்பங்கு, நண்பன் பட்ரொக்ளஸின் இறுதிச் சடங்குக்காக அக்கிலீஸ் நடத்தும் போட்டிகள்தான். தேர்ப்பந்தயம், குத்துச்சண்டை, மல்யுத்தம், ஓட்டம் எல்லாம் அதில் உண்டு. ஒலிம்பியாவிலும் இதன் சாயல் தெரிகிறது. ஜீயஸ் கோயிலுக்குப் பக்கத்திலேயே பெலொப்ஸ் என்ற வீரனின் நினைவிடம் இருந்தது. ஓய்னொமாஸ் என்ற அரசனைத் தேர்ப்பந்தயத்தில் வீழ்த்தி, அவன் மகளை மணந்தவன் பெலொப்ஸ் என்பது கதை. அவனுக்குக் கறுப்பு ஆட்டுக்கிடா பலி கொடுத்தார்கள். ஜீயஸ் கோயிலின் கிழக்கு முகப்பில் செதுக்கியிருந்ததும் அந்தப் பந்தயம் தொடங்கப்போகும் காட்சிதான்.

கி.பி. காலத்தில் எழுதிய ஃபிலொஸ்ட்ரட்டஸ் வேறொரு கதை சொல்கிறார். பலிபீடத்தில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்டேடியன் (சுமார் 192 மீட்டர்) தூரத்தில் ஓட்டக்காரர்களை நிறுத்துவார்களாம். முதலில் வந்து சேர்பவர்தான் நெருப்பு மூட்டுவார். இது அப்படியே நடந்ததா என்பதைவிட, போட்டிக்கும் பலிக்கும் அவ்வளவு நேரடித் தொடர்பு உண்டு என்று அவர்களே நினைத்ததுதான் முக்கியம் என்பேன்.

ஐந்து நாட்களும் என்ன நடக்கும்?

விழா நன்றாக வளர்ந்த பிறகு இருந்த நிலை இது. முதல் நாள் உறுதிமொழியும் வழிபாடும். பிறகு குதிரைப் பந்தயங்கள், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த பென்டத்லான், ஓட்டங்கள், மல்யுத்தம், குத்துச்சண்டை, ஏறக்குறைய எதற்கும் அனுமதி உள்ள பங்க்ரேஷன் என்ற சண்டை (கண்ணைக் குத்தக் கூடாது, கடிக்கக் கூடாது). கடைசி நாள் வெற்றியாளர்களுக்குக் கிரீடமும் விருந்தும்.

ஆனால் விழாவின் உச்சம் எந்தப் பந்தயமும் இல்லை. நடு நாளன்று, பௌர்ணமியை ஒட்டி, ஜீயஸின் பெரிய பலிபீடத்தில் 100 மாடுகளைப் பலியிட்டார்கள். அந்தப் பீடத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அது கல்லால் கட்டியது கிடையாது. பல நூற்றாண்டுகளாக எரித்த பலிகளின் சாம்பல்தான் பீடம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ப் பார்த்து எழுதிய பௌசானியஸ், அதன் உயரம் 22 அடி என்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு நாளில், குறி சொல்லும் பூசாரிகள் சாம்பலைக் கொண்டுவந்து அல்ஃபியோஸ் ஆற்றுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பீடத்தின்மேல் பூசுவார்கள். வேறு ஆற்றுத் தண்ணீர் கூடாது. விறகும் வெள்ளைப் பாப்லர் மரமாகத்தான் இருக்கவேண்டும். பெண்களுக்குத் தடை இல்லாத நாட்களில் அடித்தட்டு வரை அவர்களும் ஏறலாம், உச்சிக்கு ஆண்கள் மட்டும்.

தொடை எலும்பும் கொழுப்பும் நெருப்பில் கடவுளுக்கு, இறைச்சி மனிதர்களுக்கு. அன்று அங்கே கூடியிருந்தவர்களுக்குப் பெரிய பந்திதான். இவ்வளவு இரத்தமும் இறைச்சியும் கோடை வெயிலும் சேர்ந்தால் ஈ மொய்க்காமல் இருக்குமா? அதற்கும் ஒரு வழிபாடு வைத்திருந்தார்கள். ‘ஈ விரட்டும் ஜீயஸ்’ என்ற பெயரிலேயே ஜீயஸுக்குத் தனியாகப் பலி கொடுத்தார்கள்.

விளையாட்டு வீரர்கள் சத்தியம் செய்தார்கள் என்கிறார்களே, யார் முன்னால்?

சத்தியங்களைக் காக்கும் ஜீயஸ் முன்னால். ஆலோசனை மண்டபத்தில் அவர் சிலை இருந்தது, இரண்டு கைகளிலும் இடி ஆயுதம். ஒலிம்பியாவில் இருந்த ஜீயஸ் சிலைகளிலேயே தப்புச் செய்பவனை அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்று பௌசானியஸ் எழுதுகிறார். காலடியில் வெண்கலத் தகடு. பொய்ச் சத்தியம் செய்பவர்களை எச்சரிக்கும் செய்யுள் அதில்.

வெட்டிய காட்டுப்பன்றி இறைச்சித் துண்டுகள்மேல் வீரர் மட்டும் சத்தியம் செய்தால் போதாது. அவருடைய அப்பா, அண்ணன் தம்பி, பயிற்சியாளர் எல்லோரும் செய்யவேண்டும். போட்டியில் எந்தத் தில்லுமுல்லும் செய்யமாட்டோம் என்பது எல்லோருக்கும் பொது. பத்து மாதம் முறையாகப் பயிற்சி எடுத்தேன் என்று வீரர் கூடுதலாகச் சொல்லவேண்டும். சிறுவர்களையும் குதிரைக்குட்டிகளையும் வயது பார்த்துப் பிரிக்கும் நடுவர்களும் இலஞ்சம் வாங்காமல் தீர்ப்புச் சொல்வதாகச் சத்தியம் செய்தார்கள்.

அப்படியும் ஏமாற்றியவர்கள் உண்டா?

தாராளமாக. கி.மு. 388இல் தெஸ்ஸலியைச் சேர்ந்த யூபொலஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் எதிராளிகள் மூன்று பேருக்குப் பணம் கொடுத்துத் தோற்கச் சொன்னார். மாட்டிக்கொண்டார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவர்களுக்கும் அபராதம். அந்தப் பணத்தில் ஆறு வெண்கல ஜீயஸ் சிலைகள் செய்து, ஓடுகளத்துக்குப் போகும் வழியில் வரிசையாக நிறுத்தினார்கள். போட்டிக்குப் போகும் ஒவ்வொருவரும் அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். பணத்தால் வராது, காலின் வேகத்தாலும் உடம்பின் பலத்தாலும்தான் ஒலிம்பிய வெற்றி வரும் என்று முதல் சிலையில் பொறித்திருந்தார்கள். சிலைகள் போய்விட்டன, பீடங்களை இன்றும் பார்க்கலாம்.

கி.மு. 332இல் ஏதென்ஸின் கலிப்பஸ் பென்டத்லானில் இதே வேலையைச் செய்தார். ஏதென்ஸ் அபராதம் கட்ட மறுத்தது. பெரிய பேச்சாளரான ஹைப்பரைடீஸை அனுப்பி வாதாடிப் பார்த்தது, விழாவுக்கே வராமல் முறைத்துக்கொண்டது. கடைசியில் டெல்ஃபி கோயில் தலையிட்டது: அபராதம் கட்டும்வரை ஏதென்ஸ்காரர்களுக்கு அப்பல்லோ குறி சொல்லமாட்டார். பணம் வந்துவிட்டது! அந்தப் பணத்திலும் ஆறு சிலைகள். விளையாட்டு விதியை ஒரு கோயிலும், கோயிலின் அதிகாரத்தை இன்னொரு கோயிலும் காப்பாற்றிய கதை இது. தனி விளையாட்டு வாரியம் எதற்கு?

கடவுளே ஒருவருக்கு உதவினால் அது மோசடி ஆகாதா?

ஆகாது. இலியட் ஓட்டப்பந்தயத்தில் ஒடிஸியஸ் பின்தங்கி ஓடும்போது அதீனா தேவியை வேண்டுகிறான். முன்னால் ஓடிய அஜாக்ஸின் காலை அவள் வழுக்கிவிடுகிறாள். பலியிட்ட மாடுகளின் சாணத்தில் முகம் குப்புற விழுந்து, வாய் நிறையச் சாணத்தோடு எழுகிறான். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. கடவுளின் தயவு கிடைப்பதும் ஒருவருடைய தகுதியில் சேர்த்தி.

அதனால் போட்டிக்கு முன் வேண்டுதல்கள் மும்முரமாக நடந்தன. ஒலிம்பியாவின் குதிரைப் பந்தயக் களத்தில் வட்டமான ஒரு பீடம் இருந்தது. அதற்குப் பெயர் டராக்ஸிப்பஸ், குதிரைகளை மிரட்டுவது. அந்த இடத்தைக் கடக்கும்போது காரணமே தெரியாமல் குதிரைகள் மிரண்டு தேர்கள் நொறுங்கும் என்பதால், தேரோட்டிகள் அங்கே பலி கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அடியில் புதைந்திருப்பது யார் என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஜெயித்தபின் நேர்த்திக்கடன் செலுத்துவதும் உண்டு. தாண்டும்போது கையில் பிடிக்கும் கல் எடைகள், வட்டுகள், சிலைகள் எனக் கோயில்களில் வந்து குவிந்தன.

ஒலிம்பியாவில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. எல்லாக் கிரேக்கர்களுக்கும் பொதுவான பெரிய விழாக்கள் நான்கு. ஒலிம்பியாவில் ஜீயஸுக்கு, டெல்ஃபியில் அப்பல்லோவுக்கு, கொரிந்த் அருகே இஸ்த்மியாவில் கடல் கடவுள் பொசைடனுக்கு, நெமியாவில் மறுபடி ஜீயஸுக்கு. பின்னைய மூன்றும் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் முறைப்படுத்தப்பட்டவை. டெல்ஃபியில் அப்பல்லோ இசைக் கடவுளும் என்பதால் யாழ், குழல் போட்டிகளும் இருந்தன. பரிசு லாரல் இலைக் கிரீடம்.

இவை போக ஊருக்கு ஊர் சொந்த விழாக்கள். ஏதென்ஸின் பெரிய பனதீனயா, அதீனாவுக்காக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. அங்கே கிரீடம் மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. அதீனாவின் புனித ஆலிவ் மரங்களிலிருந்து எடுத்த எண்ணெயைப் பெரிய ஜாடிகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றின்படி தேர்ப்பந்தயத்தில் முதலிடத்துக்கு 140 ஜாடி. விற்றால் நல்ல காசு. ஜாடியின் ஒரு பக்கம் ஆயுதம் ஏந்திய அதீனா, மறுபக்கம் போட்டிக் காட்சி. அருங்காட்சியகங்களில் இவற்றைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரியும்.

விழாவுக்காகப் போர்கள் நின்றன என்பது உண்மையா?

பாதி உண்மை. எலிஸிலிருந்து தூதுவர்கள் நகரம் நகரமாகப் போய் ‘எகெகெய்ரியா’ என்ற புனித உடன்படிக்கையை அறிவிப்பார்கள். அது விழாவுக்குப் போய் வருபவர்களையும் எலிஸ் நாட்டையும் பாதுகாத்தது. மற்ற இடங்களில் நடந்த சண்டைகள் பாட்டுக்கு நடந்தன.

மீறினால் தண்டனை உண்டு. கி.மு. 420இல் உடன்படிக்கைக் காலத்தில் படை நடத்தியதாக ஸ்பார்ட்டாவுக்கு 2,000 மினா (ஒரு மினா 100 டிராக்மா வெள்ளிக் காசு) அபராதம் விதித்தது எலிஸ். ஸ்பார்ட்டா கட்டவில்லை, விழாவில் பலியிடவும் போட்டியிடவும் அதற்குத் தடை. லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர் தன் தேரை வேறு நாட்டின் பெயரில் ஓடவிட்டார். அது ஜெயித்தும்விட்டது. பெருமை தாங்காமல் களத்தில் இறங்கித் தேரோட்டிக்குத் தலைப்பட்டை கட்டினார், நடுவர்களின் ஆட்கள் சவுக்கால் அடித்து விரட்டினார்கள்.

இதைவிட மோசம் கி.மு. 364. அந்த முறை விழாவை அர்க்காடியர்கள் கைப்பற்றிப் பீசா நகரத்தாரோடு சேர்ந்து நடத்தினார்கள். பென்டத்லானின் ஓட்டப் பகுதி முடிந்து மல்யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எலிஸ் படை உள்ளே புகுந்தது. கோயில்களுக்கு நடுவிலேயே சண்டை. கோயில் கஜானாவிலிருந்து எடுத்துத்தான் அர்க்காடியர்கள் படைக்குக் கூலி கொடுத்தார்கள். ஒலிம்பிக் சமாதானம் பற்றி இன்று மேடைகளில் பேசுபவர்கள் இந்த ஆண்டைச் சொல்வதில்லை.

பெண்களுக்கு இடமே இல்லையா?

விழா நாட்களில் மணமான பெண்கள் உள்ளே வரக்கூடாது, பிடிபட்டால் டிப்பேயன் மலையிலிருந்து தள்ளிவிடுவது சட்டம். ஒரே விலக்கு டிமீட்டர் தேவியின் பெண் பூசாரி. நடுவர்களுக்கு எதிரே வெள்ளைப் பளிங்குப் பீடத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. மணமாகாத பெண்களுக்குத் தடை இல்லை என்று பௌசானியஸ் சொல்கிறார்.

சட்டத்தை மீறி வந்தவர் கலிப்பட்டெய்ரா. பயிற்சியாளர் வேஷத்தில் மகனோடு வந்தார். மகன் ஜெயித்ததும் தடுப்பைத் தாண்டிக் குதித்தபோது குட்டு வெளிப்பட்டது. அப்பா, சகோதரர்கள், மகன் எல்லோரும் ஒலிம்பிய வெற்றியாளர்கள் என்பதால் தண்டிக்காமல் விட்டார்கள். இனிமேல் பயிற்சியாளர்களும் ஆடையில்லாமல்தான் வரவேண்டும் என்று விதி போட்டார்கள்.

பெண்களுக்கென்றே ஒலிம்பியாவில் தனி விழா இருந்தது, ஹீரா தேவிக்காக. எலிஸின் 16 பெண்கள் தேவிக்கு ஆடை நெய்து, கன்னிப் பெண்களுக்கு மூன்று வயதுப் பிரிவுகளில் ஓட்டப்பந்தயம் நடத்தினார்கள். அதே களம்தான், தூரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஜெயித்தவர்களுக்கு ஆலிவ் கிரீடமும், பலியிட்ட பசுவில் ஒரு பங்கும். அப்புறம் தேர்ப்பந்தயத்தில் பரிசு குதிரைகளின் உரிமையாளருக்கு என்பதால், ஸ்பார்ட்டா அரச குடும்பத்துக் கினிஸ்கா கி.மு. 396, 392 என இரண்டு முறை ஆண்களின் ஒலிம்பிக்கிலேயே வென்றார்.

ஆடையில்லாமல் ஓடியது மதச் சடங்கா?

சடங்கு என்று சொல்ல ஆதாரம் போதாது. ஸ்பார்ட்டாக்காரர்கள் தொடங்கியது என்கிறார் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். மெகாராவின் ஆர்சிப்பஸ் ஓடும்போது இடுப்புத்துணியை விட்டுவிட்டு ஜெயித்ததால் வந்தது என்பது இன்னொரு கதை. எண்ணெய் பூசிய வெற்றுடம்பு கிரேக்கனின் அடையாளம் என்று அவர்கள் பெருமைப்பட்டார்கள்.

வெறும் இலைக் கிரீடத்துக்காகவா இத்தனை பாடு?

களத்தில் கிடைத்தது கிரீடம் மட்டும்தான். ஊர் திரும்பியதும்தான் உண்மையான வரவு. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சட்டம் வகுத்த சொலோன் காலத்து ஏதென்ஸில் ஒலிம்பிய வெற்றியாளருக்கு 500 டிராக்மா. அப்போது ஒரு மாடு 5 டிராக்மா என்று புளூட்டார்க் விலைப் பட்டியலே தருகிறார். பிறகு பொதுச் செலவில் வாழ்நாள் சாப்பாடும் கொடுத்தார்கள். கி.மு. 412இல் ஓட்டத்தில் ஜெயித்த எக்ஸைனடஸை, சிசிலியின் அக்ராகஸ் நகரம் வெள்ளைக் குதிரைகள் பூட்டிய 300 தேர்களோடு ஊருக்குள் அழைத்து வந்தது. அவர் வெற்றியில் ஊர்த் தெய்வத்தின் அருளும் சேர்ந்து வருகிறது என்ற எண்ணம் அந்த வரவேற்பில் இருந்தது.

விளையாட்டு வீரர்களையே தெய்வமாகக் கும்பிட்டார்களாமே?

ஆமாம், எல்லோரையும் இல்லை. தாசோஸ் தீவின் தெயாஜெனிஸ் கி.மு. 480இல் குத்துச்சண்டையிலும் 476இல் பங்க்ரேஷனிலும் ஒலிம்பியாவில் வென்றவர். அவர் இறந்த பிறகு, அவரிடம் தோற்ற கடுப்பு தீராத ஒருவன் இரவுதோறும் வந்து அவருடைய வெண்கலச் சிலையைச் சவுக்கால் அடித்தான். ஒருநாள் சிலை அவன்மேலேயே விழுந்து கொன்றது. அவன் பிள்ளைகள் சிலைமேல் கொலை வழக்குப் போட்டார்கள்! வழக்கு நின்றது, தண்டனையாகச் சிலையைக் கடலில் போட்டார்கள். பிறகு தீவில் விளைச்சல் இல்லை. நாடு கடத்தியவர்களைத் திரும்ப அழையுங்கள் என்றது டெல்ஃபி. அழைத்தார்கள்; பஞ்சம் தீரவில்லை. மறுபடி கேட்டபோது, தெயாஜெனிஸை மறந்துவிட்டீர்களே என்று பதில் வந்தது. மீனவர்களின் வலையில் சிலை அகப்பட்டது. பழைய இடத்தில் நிறுத்திக் கடவுளுக்குக் கொடுப்பதுபோலப் பலி கொடுத்தார்கள். நோய் தீர்ப்பவர் என்று பெயரும் வந்தது.

இது முழுக்கக் கதை என்று தள்ளவும் முடியாது. தாசோஸ் அகழாய்வில் அவர் வழிபாட்டுக்குரிய பளிங்கு உண்டியலே கிடைத்திருக்கிறது. பலி கொடுப்பவர்கள் ஒரு ஒபோல் என்ற சிறு காசுக்குக் குறையாமல் போடவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

கிளியொமிடிஸ் கதை இன்னும் கடினம். கி.மு. 492இல் குத்துச்சண்டையில் எதிராளியைக் கொன்றதால் பரிசு பறிபோனது. சித்தம் கலங்கி, சொந்த ஊரான ஆஸ்டிபலையாவில் பள்ளிக்கூடத்தின் தூணைப் பிடுங்கிச் சாய்த்தார், சுமார் 60 பிள்ளைகள்மேல் கூரை விழுந்தது. கல்லெறிந்து துரத்தியவர்களிடமிருந்து தப்பி அதீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் ஒளிந்தார். உடைத்துப் பார்த்தால் ஆள் இல்லை. வழிபடச் சொன்னது டெல்ஃபி. நல்லவர் என்பதற்காக இந்த மரியாதை தரப்படவில்லை என்பது தெளிவு. மனித அளவைத் தாண்டிய பலம் கோபித்துக்கொண்டால் ஊருக்கு ஆபத்து, அதைச் சாந்தப்படுத்த வேண்டும்.

இதையெல்லாம் யாரும் கேள்வி கேட்கவில்லையா?

கேட்டார்கள். கவிஞரும் சிந்தனையாளருமான ஸெனொஃபனிஸ், ஓட்டத்திலும் சண்டையிலும் ஜெயித்தவனைவிட என் அறிவு மேலானது, அவன் வெற்றியால் ஊரின் களஞ்சியம் நிரம்பாது என்று பாடினார். கி.மு. 399இல் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ், ஒலிம்பிக் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குப் போடும் பொதுச் சாப்பாடு எனக்குத்தான் பொருத்தம் என்றார். நீதிபதிகள் அதை ரசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் இவர்கள் குறை சொன்னது வீரர்களுக்குக் கிடைத்த அளவு மீறிய மரியாதையை.

ஒலிம்பிக் தீப ஓட்டம் அங்கிருந்து வந்ததுதானே?

ஒலிம்பியாவிலிருந்து ஊர் ஊராகத் தீபம் கொண்டுபோகும் வழக்கம் பண்டைய காலத்தில் கிடையாது. அது 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்காக நாஜி ஜெர்மனியில் ஏற்பாடு செய்தது. தீப்பந்த ஓட்டம் என்ற ஒன்று மட்டும் பழையது: ஏதென்ஸில், ஊருக்கு வெளியே இருந்த அகாடமியிலிருந்து நகரத்துக்குள், பந்தம் அணையாமல் ஓடவேண்டும். பனதீனயாவில் ஜெயித்தவரின் நெருப்புதான் அதீனாவின் பலிபீடத்தை ஏற்றியது.

எப்படி முடிந்தது?

கி.பி. 393இல் பேரரசர் தியோடோசியஸ் தடை செய்தார் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். ஒலிம்பிக்ஸ் என்று பெயர் சொல்லித் தடுத்த ஆணை எதுவும் நம் கையில் இல்லை. 391, 392இல் அவர் தடுத்தது பலியையும் பழைய கோயில் வழிபாட்டையும். 100 மாட்டுப் பலி இல்லை, சாம்பல் பீடத்தில் நெருப்பு இல்லை என்றால் ஒலிம்பியாவில் மிச்சம் என்ன? அடுத்த நூற்றாண்டில், சிற்பி ஃபிடியஸ் பொன்னும் தந்தமும் கொண்டு ஜீயஸ் சிலை செய்த பட்டறையே கிறிஸ்தவத் தேவாலயம் ஆனது.

ஆனால் சிரியாவின் அந்தியோக்கியாவில் ஒலிம்பிக்ஸ் என்ற பெயரிலேயே நடந்த போட்டிகள், கிறிஸ்தவப் பேரரசர்களின் ஆட்சியிலும் கி.பி. 520 வாக்கில்தான் நின்றன. அங்கே பலிகள் போயும் விழா இன்னும் பல தலைமுறை தாக்குப்பிடித்தது. பெரிய நகரம், செலவு செய்யப் பணக்காரர்கள், பார்க்கக் கூட்டம் எல்லாம் அதற்கு இருந்தன. கோயிலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒலிம்பியாவுக்கு அந்த வசதி இல்லை.